நெல்லுக்கு ஒரு பாதி

எட்டிவெளி,
கீழ்வேளூர் வழி.
18.8.2023

அன்புத் தம்பி பரிதிக்கு,

அக்கா தமிழ்நிலா எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, உன் மாமா, நான் எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டு எழுதச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

போனில் பேசலாம்தான். ஆனால் உன் நம்பர் வந்தாலே அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ‘ஸ்பீக்கரப் போடு’ என்கிறார். அவரைப் பற்றியே பேச வேண்டியிருக்கிறது. சைபுல்லா அண்ணன் ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் திரும்புகிறார். அவர் பையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

சுதந்திர தினக் கிராம சபை முடிந்த கையோடு தலைவர் ரெத்தினம் நம் வீட்டுக்கு வந்தார். ஆமாம், மேலத்தெரு ரெத்தினம்தான், நம் தெற்குத் தெருவுக்கு. அம்மா புது டம்ளரைத் தேடி எடுத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் கையோடு பாட்டில் கொண்டுவந்திருந்தார். அதையே குடித்துவிட்டு, “பாதைய ஊராட்சிக்குத் தானமா எழுதிக் குடுத்துடுங்க மருதையன். சர்க்கார் பணத்துல தனியார் எடத்துல தார் போட முடியாது. எழுதிக் குடுத்தீங்கன்னா பொங்கலுக்குள்ள தார் ரோடு, தெரு வெளக்கு, பின்னால மினி பஸ்சு, எல்லாம் வந்துரும்” என்றார். தன்னைவிட மூத்தவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார். ஆனாலும் ‘ங்க’ போட்டார். கேட்க வந்திருக்கிறார் இல்லையா!

அப்பா யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அன்றிலிருந்து தினமும் பாதையைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.

அந்தப் பாதை அவருக்கு என்ன என்பது உனக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. நீ அப்போது பால்வாடிப் பிள்ளை. அதுவரை நமக்கென்று களம் கிடையாது. மேலத்தெருக் களத்தில் அவர்கள் நெல்லெல்லாம் காய்ந்து ஏறிய பிறகுதான் நம் நெல்லைக் கொட்ட விடுவார்கள். அதற்குள் மழை வந்துவிடும். சென்னைக்குக் குடிபோன மிராசுதாரிடம் அப்பா மெயின் ரோட்டிலிருந்து நம் தெரு வரைக்கும் கிடந்த அந்த நீளத் துண்டு நிலத்தைக் கெஞ்சி வாங்கி, நம் தெரு ஆட்களை வைத்துச் சிமெண்டுத் தளம் போட்டார். ஈரம் காய்வதற்குள் கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தார். ஒரு பாதி நடக்க, ஒரு பாதி நெல்லுக்கு. யார் முதலில் அறுக்கிறார்களோ அவர்களுக்கு முதல் முறை. இத்தனை வருடமாக அந்தக் கோட்டைத் தாண்டி யாரும் நெல்லைப் பரப்பியதில்லை, யாரும் நெல்லை மிதித்ததுமில்லை.

கார் வந்தால்தான் கஷ்டம். போன மாசியில் ஒரு வெள்ளைக் கார் வந்து, நம் நெல்லுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அப்படியே பின்னாலேயே போய்விட்டது. யார் வீட்டுக்கு வந்தவர்களோ, பாவம்.

உன் யோசனையை எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
நிலா

•

சிங்கப்பூர்,
9.9.2023

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதமும் அம்மா கொடுத்த முறுக்கும் வந்து சேர்ந்தன. முறுக்கு அன்றைக்கே தீர்ந்துவிட்டது. நான் நலம். அம்மா முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அக்கா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தேடி வந்து கேட்கிறார்கள். சிமெண்டு பெயர்ந்து பல்லைக் காட்டுகிறது. போன வருடம் உன் தோழிக்கு வலி எடுத்தபோது ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது என்று நீதானே அழுதுகொண்டு சொன்னாய்? பாதை நம் பேரில் இருக்கிறது என்ற பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? பொதுச் சாலை என்றால் நாளைக்கு யாரும் அதை மறிக்க முடியாது. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல காரியம் நம் தெருவுக்கு நடக்கப்போவதில்லை.

நீ சொன்னால் அப்பா கேட்பார். நான் சொன்னதாகச் சொல்லாதே.

அன்புத் தம்பி,
பரிதி

•

எட்டிவெளி,
2.10.2023

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். குறுவை அறுத்துப் பாதையில்தான் காய்கிறது. மேகம் வரும்போதெல்லாம் தார்ப்பாயோடு ஓடுகிறோம். நீ ஊரில் இருந்தால் உன்னையும் ஓட விட்டிருப்பேன், தொந்தியாவது குறைந்திருக்கும்.

சொல்லிப் பார்த்தேன். ஆம்புலன்ஸ் கதையையும் சொன்னேன். அப்பா முழுதாகக் கேட்டார். பிறகு, “ரோடு வரட்டும்த்தா, வேணாங்கல. எழுதிக் குடுத்தப்புறம் நெல்லு காயவைக்க யாருகிட்டப் போயி முறை கேக்குறது? அதச் சொல்லு மொதல்ல” என்றார்.

ரெத்தினத்திடமே போய்க் கேட்டேன். “என்னம்மா டீச்சர், காலங்காலமா காயப்போடுறதுதானே, யாரு தடுக்கப்போறா?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை அப்பாவிடம் கொண்டுவந்து சொன்னேன். அவர் நம்பவில்லை. நான் நம்பினேன்.

ஆனால் உனக்கு ஏன் இவ்வளவு அவசரம்? மூன்று வருடமாக ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்காதவனுக்குத் திடீரென்று தார் ரோட்டின் மேல் என்ன காதல்?

உன் அக்கா,
நிலா

•

சிங்கப்பூர்,
19.10.2023

அக்காவுக்கு,

நலம். அவசரம் ஒன்றுமில்லை. ஊர் நன்றாக இருக்கட்டும் என்று நினைப்பது தப்பா?

ஒன்று மட்டும் சொல்கிறேன். அப்பா கையெழுத்துப் போடவில்லை என்றால் நான் பொங்கலுக்கும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. இதை நான் சொன்னதாகவே சொல்லலாம்.

பரிதி

•

எட்டிவெளி,
14.11.2023

அன்புத் தம்பிக்கு,

வாழ்த்துகள். அப்பா எழுதிக் கொடுத்துவிட்டார்.

உன் கடிதத்தை அப்படியே வாசித்துக் காட்டினேன். ஒரு வரிகூட மாற்றவில்லை. அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, “வா, பதிவு பண்ணிட்டு வந்துருவோம்” என்றார். பத்திரம் எழுதுகிறவரிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார். “அய்யா, அறுப்புக் காலத்துல ஒரு பாதியில தெற்குத் தெருக்காரங்க நெல்லு காயவச்சுக்கலாம்னு ஒரு வரி சேத்துருங்க.” அவர் கண்ணாடிக்கு மேலே பார்த்துச் சிரித்தார். “தானங்குறீங்க, அப்புறம் பாதி எனக்குங்குறீங்க. இப்படி எழுதுனா ஊராட்சி வாங்கிக்காது பெரியவரே.” அப்பா என் முகத்தைப் பார்த்தார். தலைவர் சொல்லியிருக்கிறார், ஒன்றும் ஆகாது என்று நான் சொன்னேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடாமலே மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே தஞ்சாவூரிலிருந்து போன் வந்தது. ஒரு அம்மா. “ரோடு வரப்போவுதாமே, தம்பி சொன்னாங்க, ரொம்ப சந்தோஷங்க சம்பந்தி” என்றார். நம் அம்மா யாரென்றே தெரியாமல் ‘சரிங்க சரிங்க’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு நான் வாங்கிப் பேசினேன். பெண் பேர் கனிமொழியாம், வங்கியில் வேலையாம். மாசியில் வந்து திரும்பிப் போன வெள்ளைக் கார் அவர்களுடையதாம். பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற வேளாண்மை அதிகாரியாம்! நெல்லைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிச் சம்பளம் வாங்கியவர், நெல்லைக் கண்டதும் காரைத் திருப்பியிருக்கிறார். நம் ஜனம்தான். டவுனுக்குப் போய் ஒரு தலைமுறைதான் ஆகிறது.

என்னிடம் முதலிலேயே சொல்லியிருந்தால் நானே அப்பாவிடம் நல்லபடியாக எடுத்துச் சொல்லியிருப்பேன். ஊருக்கு நல்லது என்று எனக்கே பாடம் நடத்தினாயே, அதுதான் ஆறவில்லை.

பெண் நல்ல பெண்ணாகத்தான் பேசினாள். சந்தோஷமாக இரு.

நிலா

•

சிங்கப்பூர்,
3.12.2023

அன்பு அக்காவுக்கு,

நலம். திட்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். அவர்கள் வாசல் வரைக்கும் வராமலே போன அன்று எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. நீ அந்த வெள்ளைக் காரைப் பற்றி எழுதியபோதும் வாயைத் திறக்கவில்லை.

நிச்சயத்தைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்கிறேன், கல்யாணத்துக்கு விடுப்பு சேர்த்து வைக்க வேண்டும். அப்பா கோபமாக இருக்கிறாரா? அவருக்கு ஒரு பட்டு வேட்டி எடுக்கச் சொல்லி கனிமொழியிடம் சொல்லியிருக்கிறேன். பெரிய கரை வைத்தது. மேடையில் அவர் அதைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

பரிதி

•

எட்டிவெளி,
24.1.2024

அன்புத் தம்பிக்கு,

அனைவரும் நலம். பொங்கலுக்கு முன்னாலேயே தார் போட்டுவிட்டார்கள், சொன்ன சொல் தவறாத தலைவர். கருகருவென்று நன்றாகத்தான் இருக்கிறது, பிள்ளைகள் சைக்கிளில் பறக்கிறார்கள். திறப்பு விழாவில் அப்பாவைக் கடைசியில் கூப்பிட்டு ஒரு துண்டு போர்த்தினார்கள். பெயர்ப்பலகையில் ‘ஊராட்சிச் சாலை’ என்று இருக்கிறது, அதற்குக் கீழே தலைவர் பேர்.

தார் ஊற்றிய அன்று அப்பா அந்தக் கோடு மறைகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு வந்தார். சம்பா கதிர் நன்றாகச் சாய்ந்திருக்கிறது. மாசிப் பிறப்புக்கு அறுப்பு மிஷின் விட வேண்டும். நிறைய வேலை கிடக்கிறது.

நிலா

•

சிங்கப்பூர்,
28.2.2024

அன்பு அக்காவுக்கு,

நலமா? ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. போன் செய்தால் அம்மா எடுத்து ‘எல்லாரும் நல்லாருக்கோம்’ என்று சொல்லி வைத்துவிடுகிறாள். அப்பா பேச வரவே மாட்டேன் என்கிறார். அறுவடை முடிந்ததா? விளைச்சல் எப்படி? கல்யாணம் மே இருபத்தாறு, கீழ்வேளூரில் மண்டபம் பிடித்தாகிவிட்டது. மறுபதில் போடு.

பரிதி

•

எட்டிவெளி,
20.3.2024

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். அறுவடை முடிந்தது. பள்ளிக்கூடத்தில் பரீட்சை வேலை, அதனால்தான் எழுத முடியவில்லை. வேறொன்றுமில்லை.

அப்பா நன்றாக இருக்கிறார். இப்போதெல்லாம் கடைக்குப் போனாலும் வரப்பு வழியாகத்தான் நடக்கிறார். தார் சூடு காலுக்கு ஆகவில்லையாம். கல்யாணச் சாமான் வாங்குகிற வேலையை உன் மாமா பார்த்துக்கொள்கிறார். நீ எதற்கும் கவலைப்படாமல் வந்து சேர்.

நிலா

•

சிங்கப்பூர்,
23.6.2024

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். கனிமொழி எல்லோரையும் விசாரித்தாள். அம்மாவின் ரசத்தைச் செய்து பார்க்கிறாள், இன்னும் வரவில்லை.

கல்யாண ஆல்பம் வந்தது. அதைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. எல்லாப் படத்திலும் அப்பாவின் பட்டு வேட்டியில் முழங்கால் வரைக்கும் சேறு. வயலில் நாற்று நட்டுவிட்டு நேராக மேடைக்கு வந்தவர் மாதிரி. மாமனாரின் அலுவலக நண்பர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். நான் அத்தனை பேர் முன்னால் அப்பாவைச் சத்தம் போட்டது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டு வாசலுக்கே ஏசி கார் அனுப்பினேன் அக்கா! முதல்நாள் கோடை மழை பெய்து வயலெல்லாம் சொதசொதவென்று கிடந்தது. அந்தச் சேற்றில் இறங்கி நடந்து வர வேண்டும் என்று என்ன வந்தது அவருக்கு? பாதையை எழுதி வாங்கியதற்கு எல்லோர் முன்னாலும் என்னைப் பழிவாங்கினாரா?

பதில் எழுது.

பரிதி

•

எட்டிவெளி,
15.7.2024

தம்பிக்கு,

அம்மாவும் அப்பாவும் உயிரோடு இருக்கிறார்கள். நலம் என்று எழுத இன்றைக்கு எனக்கு மனமில்லை.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். ‘புள்ள மொகம் வாடாம கல்யாணம் முடியட்டும்’ என்றார். முடிந்தது. இனிமேல் நான் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

மாசி அறுவடைக்கு மேலத்தெருவில் ஒரே நேரத்தில் மிஷின் இறக்கினார்கள். அவர்கள் களம் போதவில்லை. டிராக்டர் டிராக்டராக நெல்லைக் கொண்டுவந்து நம் ரோட்டில், இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் கொட்டினார்கள். கோடும் இல்லை, பாதியும் இல்லை. எங்கள் முறை எப்போது என்று கேட்கப் போன உன் மாமாவிடம் “பொது ரோட்டுல என்னய்யா முறை? யாரு மொதல்ல வாராங்களோ அவங்க போடுவாங்க” என்றார்கள். நம் தெரு நெல் மொத்தமும் அறுத்த இடத்திலேயே குவிந்து கிடந்தது. மழை தூற ஆரம்பித்துவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் அவர்கள் கொஞ்சம் அள்ளிய இடத்தில் அப்பா நம் நெல்லைப் பரப்பினார். ஓரமாக, பாதி அகலத்துக்குள்தான். கோடு இல்லாவிட்டாலும் அவர் காலுக்கு அது தெரியும். ரெத்தினம் வண்டியை நிறுத்தி இறங்கினார். “என்னடா மருதையா, ஒங்க அப்பன் ஊட்டு ரோடுன்னு நெனப்பா? வண்டி எப்புடிப் போறது?” என்றார். ‘ங்க’ எல்லாம் பத்திரத்தோடு போய்விட்டது. அப்பா, “நான் போட்ட பாதைங்க இது” என்று மட்டும் சொன்னாராம். பொதுச் சாலையை மறித்தார் என்று புகார் கொடுத்து போலீசை வரவழைத்தார்கள். வந்த போலீஸ்காரர் மண்வெட்டி கேட்டு வாங்கி, நம் நெல்லை மட்டும் பக்கத்து வாய்க்காலில் தள்ளினார். நாலு அடி தள்ளி மேலத்தெரு நெல் காய்ந்துகொண்டிருந்தது. அதை யாரும் தொடவில்லை.

அப்பாவை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்ப் பொழுது சாயும் வரைக்கும் நிற்க வைத்தார்கள். இனிமேல் பொதுச் சாலையில் நெல் போட மாட்டேன் என்று அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். மிச்சம் இருந்த நெல்லைக் கொள்முதலுக்குக் கொண்டுபோனோம், ஈரம் என்று திருப்பிவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து குவித்த நெல் முளைவிட்டது. அம்மா அதைக் கோழிக்கு இறைத்தாள்.

அன்றிலிருந்து அப்பா அந்த ரோட்டில் காலை வைக்கவில்லை. கடைக்கு, குளத்துக்கு, எதற்கும். தார் சூடு என்று நான் உனக்கு எழுதியது பொய். கல்யாணத்தன்று உன் ஏசி கார் வாசலில் நின்றது. கெஞ்சினேன். “நீங்க கார்ல போங்கத்தா. அது அவங்க ரோடு” என்று சொல்லிவிட்டு, நீ எடுத்துக் கொடுத்த பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வயலில் இறங்கினார். வழுக்கி விழுந்து எழுந்துதான் மெயின் ரோட்டில் வந்து ஏறினார்.

மேடைப்படியில் நீ அவரைப் பார்த்து, ‘மனுசனா நீங்க? இன்னைக்கு ஒரு நாளாவது மானத்தோட வரக் கூடாதா’ என்று கேட்டாய். அவர் சிரித்தார், நினைவிருக்கிறதா? அந்தச் சிரிப்பும் ஆல்பத்தில் இருக்கும், தேடிப் பார்.

கையெழுத்துப் போடச் சொல்லிக் கூடவே போனவள் நான். என்னையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நிலா

•

சிங்கப்பூர்,
5.8.2024

அக்கா,

எழுத வரவில்லை. திருச்சியில் ஒரு வக்கீலிடம் பேசியிருக்கிறேன். தானத்தை ரத்து செய்ய வழி இருக்கிறதா பார்க்கிறேன் என்றார், அப்பாவிடம் பேசுவார். நான் அடுத்த மாதம் வருகிறேன். அப்பாவைப் பேசச் சொல். ஒரு வார்த்தை போதும்.

பரிதி

•

எட்டிவெளி,
29.8.2024

அன்புத் தம்பி பரிதிக்கு,

அம்மாவுக்கு உன் தைலம் கேட்கிறது. கனிமொழி முழுகாமல் இருக்கிறாள் என்று அவள் அம்மா போன் செய்தார். அதைக் கேட்டு நம் அம்மா தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தாள்.

வக்கீல் பேசினார். யாராவது மிரட்டியோ ஏமாற்றியோ எழுதி வாங்கினார்களா என்று அப்பாவிடம் கேட்டார். அப்படி இருந்தால்தான் வழக்கு நிற்குமாம். அப்பா, “இல்லீங்க, நானா மனசு வந்துதான் குடுத்தேன்” என்றார். உன் பேரை அவர் கோர்ட்டில் சொல்ல மாட்டார், தெரிந்துகொள். அதோடு அது முடிந்தது.

உன்னிடம் போனில் பேச மாட்டேன் என்கிறார். உனக்கு எழுதச் சொல்லிச் சொன்னதை, அவர் வாயிலிருந்து வந்தபடியே கீழே எழுதுகிறேன்:

“தம்பி, நல்லாருக்கியா? எனக்கு ஒம்மேல ஒண்ணும் இல்ல. வெளியூர்ல கெடக்குற, மனச ஒழப்பிக்காத. மருமவள வளைகாப்புக்குக் கூட்டியாரப்ப வரப்புல கிரப்புல நடத்திடாத, வழுக்கும். கார்லயே வாசலு வரைக்கும் கூட்டிக்கிட்டு வா. ரோடு நல்லாத்தான் போட்டுருக்கான், குலுங்காது. நான் வயலோரமா வந்து நின்னு அந்தப் புள்ளயப் பாத்துக்குறேன்.”

நிலா